எந்த எஞ்சினுக்கு எந்தப் பெட்டி? இந்திய மாடல் ரயில் சேர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்திய ரயில்வே மாடல்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: இந்த எஞ்சினுக்குப் பின்னால் எதை மாட்டுவது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டுவிட்டேன். பேச்சு முக்கியமாக எச்ஓ அளவு (1:87, அதாவது நிஜத்தில் 87ல் ஒரு பங்கு), அகலப்பாதை, பயணிகள் ரயில் பற்றியது. மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

என் மேசை, என் ரயில். காலம் பொருந்தினால் என்ன, பொருந்தாவிட்டால் என்ன?

ஒன்றும் ஆகாது. நீராவி எஞ்சினுக்குப் பின்னால் 2009ல் வந்த துரந்தோ பெட்டியை மாட்டினாலும் ரயில் ஓடும், பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

ஆனால் நம் ஊரில் ரயில் ஏறாதவர் அபூர்வம். உங்கள் மாடலைப் பார்க்க வருகிறவருக்கு எஞ்சின் ரகம் தெரியாது. தான் சின்ன வயதில் ஏறிய பெட்டி என்ன நிறம், ஜன்னல் எப்படி இருந்தது என்பது மட்டும் கண்ணில் நிற்கும். எதுவோ இடிக்கிறது என்று அவருக்குப் பட்டுவிடும். அந்த இடிப்பு வேண்டாம் என்பவர்களுக்குத்தான் மீதிப் பதில்கள்.

எஞ்சின் மேல் டபிள்யூடிஎம், டபிள்யூஏபி, ஒய்பி என்று போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு?

முதல் எழுத்து பாதையைச் சொல்லும். டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஒய் மீட்டர் கேஜ், இசட் குறுகிய பாதை. இரண்டாவது எழுத்து சக்தி: டி டீசல், ஏ மாற்று மின்சாரம். மூன்றாவது வேலை: பி பயணிகள், ஜி சரக்கு, எம் இரண்டுக்கும். கடைசியில் வரும் எண் அந்த வரிசையில் எத்தனையாவது ரகம் என்பது. நீராவிக்கு நடு எழுத்து கிடையாது, அதனால்தான் வெறும் டபிள்யூபி, ஒய்பி.

முதலில் எஞ்சின் வாங்கிவிட்டுப் பெட்டி தேடுவதா, பெட்டி வாங்கிவிட்டு எஞ்சின் தேடுவதா?

இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு வருஷத்தை முடிவு செய்யுங்கள். முடிந்தால் ஒரு வழித்தடத்தையும்.

எஞ்சினை வைத்து வருஷத்தைப் பிடிப்பது கஷ்டம். டபிள்யூடிஎம்-2 அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. 1962ல் இறக்குமதியாகி வந்தது, 1964 முதல் வாரணாசியில் தயாரானது, புது நூற்றாண்டிலும் ஓடியது. அதை மட்டும் பார்த்தால் "1962க்கு முன்னால் இல்லை" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாது. பெட்டி அப்படியில்லை. ரயில்வே கணக்கில் டீசல் எஞ்சினுக்கு ஆயுள் 36 வருஷம், மின் எஞ்சினுக்கு 35, ஐசிஎஃப் பெட்டிக்கு (பெரம்பூரில் செய்த பழைய ரகம், அடுத்த பதிலில் வருகிறது) 25. பெட்டியின் பெயின்ட் மாறுவது அதைவிடச் சீக்கிரம். அதனால் ரயிலின் காலத்தை எஞ்சினைவிடப் பெட்டிதான் தெளிவாகச் சொல்கிறது.

கணக்கு இதுதான். ரயிலில் உள்ளவற்றில் கடைசியாக அறிமுகமானது எது என்று பாருங்கள்; அந்த வருஷத்துக்கு முன்னால் இந்த ரயில் இருந்திருக்க முடியாது. முதலில் ஓய்வுபெற்றது எது என்று பாருங்கள். அதற்குப் பின்னாலும் இருந்திருக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் சில வருஷமாவது மிஞ்சினால் சேர்க்கை சரி. மிஞ்சாவிட்டால் எதையாவது கழற்ற வேண்டியதுதான்.

ஐசிஎஃப், எல்எச்பி என்கிறார்கள். மாடலில் பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐசிஎஃப் என்பது பெரம்பூர் தொழிற்சாலையின் பெயர். 1955 அக்டோபர் 2ல் நேரு திறந்துவைத்தார். ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனம் கொடுத்த வடிவமைப்பில் அங்கே செய்த பெட்டிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. எல்எச்பி என்பது ஜெர்மனியின் லிங்க ஹாஃப்மன் புஷ் வடிவமைப்பு. முதல் பெட்டிகள் இறக்குமதியாகி 2000 வாக்கில் டெல்லி–லக்னோ சதாப்தியில் ஓடின. அப்புறம் கபுர்தலாவில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். பெரம்பூரும் பின்னால் எல்எச்பிக்கு மாறியது, அதனால் "ஐசிஎஃப் தயாரித்த எல்எச்பி" என்று யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம். ஐசிஎஃப் ரகத்தின் கடைசிப் பெட்டி அங்கிருந்து வெளியே வந்தது 2018 ஜனவரியில்.

மாடலில் முதலில் நீளத்தைப் பாருங்கள். நிஜத்தில் ஐசிஎஃப் சுமார் 21.3 மீட்டர், எல்எச்பி சுமார் 23.5 மீட்டர். எச்ஓவில் அது 24.5 செமீ, 27 செமீ. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும். அடுத்து பெட்டியின் முனை. ஐசிஎஃப் என்றால் இரண்டு வட்ட பஃபர் (பெட்டிகள் இடிக்கும்போது தாங்கும் தட்டு), நடுவே திருகு இணைப்பு. எல்எச்பியில் பக்க பஃபர் கிடையாது, நடுவில் ஒரே கப்ளர் (இணைப்புக் கொக்கி). அப்புறம் போகி, அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம். ஐசிஎஃப் போகியில் சக்கரங்களின் இடைவெளி 2,896 மிமீ, எல்எச்பியின் ஃபியட் போகியில் 2,560 மிமீ. ஐசிஎஃப்பில் சக்கரத்தை ஒட்டி பிரேக் கட்டை இருக்கும், எல்எச்பியில் டிஸ்க் பிரேக்.

நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நிறம் ஏமாற்றும்.

மெரூன் பெட்டி எந்த வருஷம் வரை? நீலம் எப்போது வந்தது?

1950களிலிருந்து 1990கள் வரை சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ், பேசஞ்சர் எல்லாம் மெரூன்தான். 1990களில் வெற்றிட பிரேக்கிலிருந்து காற்று பிரேக்குக்குப் பெட்டிகளை மாற்றியபோது, மாறியவற்றுக்கு இரண்டு நீலங்கள் அடித்தார்கள். எனவே நீலம் வெறும் அழகுக்கு வந்தது இல்லை, பிரேக்கின் அடையாளம். மாடலில் இதை முனையிலும் காட்டலாம்: வெற்றிட பிரேக் பெட்டிக்கு ஒரு தடித்த குழாய், காற்று பிரேக் பெட்டிக்கு மெல்லிய குழாய்கள் இரண்டு.

2018ல் ஐசிஎஃப் பெட்டிகளை மேம்படுத்தும் உத்கிருஷ்ட் திட்டம் வந்தபோது அதே பெட்டிகளுக்குச் சந்தன நிறமும் பழுப்புச் சிவப்பும் வந்தன. எல்எச்பிக்கு வழக்கமான நிறம் சிவப்பும் சாம்பலும். முதலில் ராஜதானியில் இருந்தது, 2010களில் சாதாரண எக்ஸ்பிரஸ்களுக்கும் பரவியது.

நீலமும் மெரூனும் கலந்து ஒரே ரேக்காக (கோத்த பெட்டி வரிசையாக) ஓட்டலாமா?

தவிர்ப்பது நல்லது. ஒரு ரேக்கில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பிரேக் வேண்டும், முந்தைய பதிலில் சொன்ன காரணம்தான். நீலத்துக்கு நடுவே உத்கிருஷ்ட் பெட்டி ஒன்றிரண்டு வருவது வேறு கதை. இரண்டும் காற்று பிரேக். 2018க்குப் பிறகு அப்படிக் கலந்த ரேக்குகள் சர்வ சாதாரணம்.

என்னிடம் டபிள்யூடிஎம்-2 ஒன்று இருக்கிறது. எதை வாங்குவது?

நல்ல எஞ்சின். இதற்கு இரண்டு காலம் பொருந்தும். மெரூன் ஐசிஎஃப் வாங்கினால் 1960களின் நடுவிலிருந்து 1990கள் வரை. நீல ஐசிஎஃப் வாங்கினால் 1990களிலிருந்து அடுத்த பத்து பதினைந்து வருஷம். ஒரே எஞ்சினில் இரண்டு தலைமுறையையும் காட்டலாம் என்பதால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எஞ்சினின் நிறம் மட்டும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு லோகோ ஷெட்டும் (எஞ்சின்களைப் பராமரிக்கும் இடம்) தனக்கென்று நிறம் வைத்திருந்தது, அதுவும் அவ்வப்போது மாறியது. பொன்மலை, ஈரோடு, எர்ணாகுளம் என்று எந்த ஷெட் பெயர் எஞ்சினில் எழுதியிருக்கிறதோ, அந்த ஷெட்டின் எஞ்சின்கள் உங்கள் வருஷத்தில் எப்படி இருந்தன என்று பழைய புகைப்படத்தில் பாருங்கள்.

இன்னொன்று. டபிள்யூடிஎம்-2க்கு அடியில் இருப்பது ஆல்கோவின் டிரைமவுண்ட் போகி, மூன்று அச்சுகளும் சம இடைவெளியில் இருக்காது. சமமாக இருந்தால் வேறு எஞ்சினின் அடிப்பாகத்தின் மேல் உடம்பை மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விலை பேசும்போது உதவும்.

மூக்கில் நட்சத்திரம் போட்ட நீராவி எஞ்சின் வைத்திருக்கிறேன். அதற்கு நீலப் பெட்டி மாட்டினால் தப்பா?

அது டபிள்யூபி. 1947ல் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்திலிருந்து முதல் எஞ்சின்கள் வந்தன. மொத்தம் 755 செய்தார்கள், கடைசி வரிசைகள் சித்தரஞ்சனில் 1960களில் தயாரானவை. அகலப்பாதையில் நீராவி ஓய்ந்தது 1995 டிசம்பரில். நீலம் வந்ததும் 1990களில்தானே, வருஷம் ஒட்டுகிறதே என்று தோன்றும். ஆனால் டபிள்யூபி வேலை செய்தது வெற்றிட பிரேக்கில், நீலப் பெட்டி காற்று பிரேக்கில். ஒட்டாது.

மெரூன் ஐசிஎஃப்தான் சரியான ஜோடி. 1955க்கு முன்னால் போக வேண்டும் என்றால் மர உடம்புப் பெட்டியும் பழைய எஃகுப் பெட்டியும் வேண்டும். அவற்றை நீங்களே செய்ய வேண்டியிருக்கும். ஒரு சின்ன விவரம்: பெட்டியின் பக்கவாட்டில் வகுப்பை ரோமன் எண்ணில் எழுதியிருப்பார்கள். மூன்றாம் வகுப்பு ஒழிந்தது 1974ல். அதற்கு முந்தைய ரயிலில் மூன்று கோடு போட்ட பெட்டி இருந்தே ஆக வேண்டும், பிந்தையதில் இருக்கக் கூடாது. ஒரு டீகால் (ஒட்டும் எழுத்து) மாற்றினால் காலமே மாறிவிடும். பெட்டியின் கூரையில், முக்கியமாக எஞ்சினை ஒட்டிய இரண்டு பெட்டிகளில், கொஞ்சம் கரி பூசுங்கள்.

டபிள்யூஏபி-4, டபிள்யூஏபி-7 இரண்டும் எல்லாப் பெட்டியையும் இழுக்குமா?

இழுக்கும். நம் டீசல், மின் எஞ்சின்களில் நடு கப்ளரும் உண்டு, திருகு இணைப்பும் பக்க பஃபரும் உண்டு. அதனால் ஐசிஎஃப்போ எல்எச்பியோ எதுவும் மாட்டலாம். மாடலிலும் எஞ்சின் பக்கம் பிரச்சினை வராது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில்தான் வரும்.

டபிள்யூஏபி-4 வந்தது 1994ல். நீல ஐசிஎஃப் ரேக்குக்கு இதைவிடப் பொருத்தமான மின் எஞ்சின் கிடையாது என்பது என் கருத்து. இரண்டும் சேர்ந்தே வளர்ந்தவை, சேர்ந்தே மறைகின்றன. டபிள்யூஏபி-7 2000ஐ ஒட்டி வந்தது. அதற்குப் பின்னால் நீல ஐசிஎஃப்பும் சரி, சிவப்பு எல்எச்பியும் சரி. மெரூன் வேண்டும் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு 1970ஐ ஒட்டி வந்த டபிள்யூஏஎம்-4 பக்கம் போங்கள், அல்லது 1980ன் டபிள்யூஏபி-1.

எல்எச்பி ரேக்கில் இரண்டு பக்கமும் வருகிற அந்த ஜெனரேட்டர் பெட்டி (பவர் கார்) கட்டாயமா? இடம் வீணாகிறது.

காலத்தைப் பொறுத்தது. ஐசிஎஃப் பெட்டிகளில் விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் பெட்டிக்கு அடியிலேயே, அச்சிலிருந்து பெல்ட் வழியாக வரும். அதனால் சாதாரண ஐசிஎஃப் ரேக்குக்குப் பவர் கார் வேண்டியதில்லை. எல்எச்பிக்கு மொத்த ரயிலுக்கும் வெளியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். அதற்குத்தான் முனைகளில் டீசல் ஜெனரேட்டர் வைத்த பவர் கார்.

2010களின் கடைசியில் எஞ்சினே மேல்கம்பியிலிருந்து எடுத்து ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் முறை பரவியது. டபிள்யூஏபி-5, டபிள்யூஏபி-7 இதைச் செய்யும், டபிள்யூஏபி-4க்கு அந்த வசதி இல்லை. ஆகவே 2019க்குப் பிந்தைய ரயிலில் டபிள்யூஏபி-7 போட்டால் ஒரு பவர் காரைக் குறைத்து, அந்த இடத்தில் கார்டு அறையும் பொதுப் பெட்டியும் சேர்ந்த பெட்டியை வைக்கலாம். டபிள்யூஏபி-4 அல்லது டீசல் போட்டால் பவர் கார் இருக்கட்டும்.

பெட்டி எண்ணை வைத்தே அது எந்த வருஷத்துப் பெட்டி என்று சொல்லலாமாமே?

சொல்லலாம், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. வழக்கமான ஐந்து இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பெட்டி கட்டிய வருஷம். மீதி மூன்று பெட்டியின் வகை. 001லிருந்து 025 வரை ஏசி முதல் வகுப்பு, 051லிருந்து 100 வரை ஏசி இரண்டடுக்கு, 101லிருந்து 150 வரை ஏசி மூன்றடுக்கு, 151லிருந்து 200 வரை ஏசி சேர் கார், 201லிருந்து 400 வரை ஸ்லீப்பர், 401லிருந்து 600 வரை பொதுப் பெட்டி, 601லிருந்து 700 வரை இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டி, 701லிருந்து 800 வரை கார்டு அறையோடு வரும் எஸ்எல்ஆர்.

உதாரணத்துக்கு 97234 என்று இருந்தால் 1997ல் கட்டிய ஸ்லீப்பர். இதை 1992 ரயிலில் மாட்ட முடியாது. 25 வருஷ ஆயுள் கணக்குப்படி 2022க்குப் பிறகும் மாட்ட வேண்டாம். சில தயாரிப்பாளர்கள் மெரூன் பெட்டியில் 05 என்று தொடங்கும் எண்ணை அச்சடித்து விடுகிறார்கள். எண் டீகாலை மாற்றினால் போதும், பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அதற்கும் முந்தைய காலத்தில் இருந்த நான்கு இலக்க எண்களுக்கு இந்த விதி செல்லாது.

எண்ணுக்கு முன்னால் எந்த ரயில்வே மண்டலம் என்று எழுதியிருக்கும். தெற்கு ரயில்வே 1951ல் பிறந்தது, தென் மத்திய ரயில்வே 1966ல், தென்மேற்கு ரயில்வே 2003ல். 1998 பெங்களூரு ரயிலில் தென்மேற்கு ரயில்வே எழுத்து இருந்தால் அது பிறக்காத பிள்ளைக்கு வைத்த பெயர்.

பெட்டியில் தொங்கும் ரயில் பெயர்ப் பலகையில் என்ன எழுதுவது?

மூன்று விஷயம் பாருங்கள். ரயில் எண்கள் நான்கு இலக்கத்திலிருந்து ஐந்து இலக்கமானது 2010 டிசம்பர் 20ல். அன்றுவரை 2639 ஆக இருந்த பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் 12639 ஆனது. மெட்ராஸ், சென்னை ஆனது 1996ல். பலகையில் இந்தி, ஆங்கிலம், அந்த ஊர் மொழி என்று மூன்றும் வரும். நீலப் பெட்டியில் நான்கு இலக்க எண்ணோடு "சென்னை" என்று இருந்தால் ரயில் 1996க்கும் 2010க்கும் நடுவில் உட்கார்ந்துவிடும். இவ்வளவு துல்லியத்தை எஞ்சின் ஒருநாளும் தராது.

ராஜதானி, சதாப்தி, கரீப் ரத் மாதிரி தனி ரயில்களுக்கு விதி மாறுமா?

விதி அதேதான், வருஷங்கள்தான் வேறு. முதல் ராஜதானி 1969 மார்ச்சில் டெல்லிக்கும் ஹவுராவுக்கும் இடையே ஓடியது. இழுத்தது டபிள்யூடிஎம்-4 டீசல், பெட்டிகள் ஐசிஎஃப். எல்எச்பி முதலில் மும்பை ராஜதானிக்குப் போனது 2003 டிசம்பரில். ஆகவே சிவப்பும் கிரீமும் அடித்த ஐசிஎஃப் ராஜதானிக்கு முன்னால் 1990களின் கடைசியில் ஒரு டபிள்யூஏபி-5 நின்றால் சரிதான். அந்த எஞ்சின் 1995ல் ஏபிபி நிறுவனத்திடமிருந்து வந்தது.

சதாப்தி 1988ல் தொடக்கம், கரீப் ரத் 2006, துரந்தோ 2009, ஹம்சஃபர் 2016, தேஜஸ் 2017. சென்னை–மதுரை தேஜஸ் 2019 மார்ச்சில் வந்தது. துரந்தோவுக்குப் பெட்டி நிறத்திலேயே பெயின்ட் அடித்த எஞ்சின்களும் உண்டு, ஆனால் எல்லா நாளும் அதுதான் வந்தது என்று இல்லை. வேறு நிற எஞ்சின் வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

24 பெட்டி ரயிலுக்கு என் வீட்டில் இடம் இல்லை. எத்தனை பெட்டி போதும்? எதை வெட்டுவது?

24 ஐசிஎஃப் பெட்டி எச்ஓவில் கிட்டத்தட்ட ஆறு மீட்டர். எந்த வீட்டில் இருக்கிறது ஆறு மீட்டர் பிளாட்ஃபாரம்! ஆறிலிருந்து எட்டு பெட்டி போதும். ஆனால் எட்டும் ஸ்லீப்பராக இருந்தால் அது ரயில் மாதிரி இருக்காது, ஃபேக்டரி யார்டு மாதிரி இருக்கும்.

வெட்டும்போது வகைகளை வெட்டாதீர்கள், ஒவ்வொரு வகையிலும் எண்ணிக்கையை வெட்டுங்கள். 2005 வாக்கில் தென் தமிழகம் போகும் இரவு எக்ஸ்பிரஸ் ஒன்றை எட்டு பெட்டியில் செய்தால் நான் இப்படி வைப்பேன்: எஞ்சினுக்குப் பின் ஒரு எஸ்எல்ஆர், ஒரு பொதுப் பெட்டி, மூன்று ஸ்லீப்பர், ஒரு ஏசி மூன்றடுக்கு, ஒரு ஏசி இரண்டடுக்கு, கடைசியில் மறுபடி எஸ்எல்ஆர். எட்டும் நீல ஐசிஎஃப். எஸ்எல்ஆர் இரண்டு முனையிலும் இருப்பது முக்கியம். கார்டு அறையும் சாமான் அறையும் அதில்தான். அது இல்லாத ரயில் பாதியில் அறுந்த மாதிரி தெரியும். பகல் ரயில் என்றால் ஸ்லீப்பர் வேண்டாம். உட்காரும் பெட்டியும் ஒரு ஏசி சேர் காரும் போடுங்கள்.

காலம் இதிலும் நுழையும். ஏசி மூன்றடுக்கு 1993ல் வந்தது. ஏசி இரண்டடுக்கு 1970களில். அதனால் மெரூன் காலத்து ரயிலில் ஏசி மூன்றடுக்கு பெட்டியைச் சேர்ப்பதைவிட, சாதாரண முதல் வகுப்பு ஒன்றைச் சேர்த்தால் அந்தக் காலத்து முகம் வரும்.

எல்எச்பி பெட்டி வளைவில் கழன்று விழுகிறது. எஞ்சின் பொருந்தாததாலா?

எஞ்சின் மேல் பழி போடாதீர்கள், வளைவுதான் சின்னது. புதிதாகத் தொடங்குவோருக்கான செட்டில் வரும் தண்டவாளம் பெரும்பாலும் 36லிருந்து 46 செமீ ஆரம். 27 செமீ பெட்டிக்கு அது போதாது. பெட்டி நீளத்தைப் போல இரண்டரை மடங்கு ஆரம் இருந்தால் ஒழுங்காக ஓடும், மூன்று மடங்கு இருந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். எல்எச்பிக்கு அது 68 செமீயும் 81 செமீயும். ஐசிஎஃப்புக்கு 61 செமீயிலேயே ஓட்டிவிடலாம். இடம் குறைவாக இருப்பவர்கள் 2010க்கு முந்தைய வருஷத்தைத் தேர்ந்தெடுக்க இது ஒரு நல்ல காரணம்.

வெளிநாட்டு மாடல் பெட்டியில் "எப்போக் 4" என்று போட்டிருக்கிறது. நம் ரயிலில் அது எந்தக் காலம்?

எதுவும் இல்லை. ஐரோப்பிய மாடல் தரநிலைகள் அங்கே நடந்த மாற்றங்களை வைத்துக் காலத்தை ஆறாகப் பிரித்திருக்கின்றன. நான்காவது என்பது ஜெர்மனியில் சுமாராக 1970லிருந்து 1990 வரை. நம் மாற்றங்கள் வேறு: 1955ன் ஐசிஎஃப் பெட்டி, 1990களின் காற்று பிரேக், 2000ன் எல்எச்பி. அந்த எண்ணை ஐரோப்பிய ரயிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவை மட்டும் கவனியுங்கள். இங்கிலாந்து மாடல்கள் பெரும்பாலும் ஓஓ, அதாவது 1:76. அதே தண்டவாளத்தில் ஓடும், ஆனால் எச்ஓ பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் எஞ்சின் யானையாகத் தெரியும்.

கூட்ஸ் எஞ்சின் பயணிகள் ரயிலை இழுக்கிறதாக வைக்கலாமா?

தாராளமாக. எஞ்சின் தட்டுப்பாடு வந்தால் ரயில்வேயே அதைத்தான் செய்கிறது. டபிள்யூஏஜி-7 இழுக்கும் பேசஞ்சரை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நான் திருச்சி–மதுரை பாதையை 2005ல் காட்டுகிறேன். டபிள்யூஏபி-4 போடலாம்தானே, எஞ்சின் வந்தது 1994 என்று சொன்னீர்களே?

எஞ்சின் இருந்தது, கம்பி இல்லை. திருச்சிக்குத் தெற்கே மின்சார ரயில் வந்தது 2010களில்தான். 2005 மதுரை ரயிலுக்கு நீல ஐசிஎஃப், முன்னால் பொன்மலை டீசல். நான் வழித்தடத்தையும் முடிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான். எஞ்சினும் பெட்டியும் ஒரே வருஷத்தில் இருந்தால் போதாது, அந்தப் பாதையிலும் இருந்திருக்க வேண்டும்.

மீட்டர் கேஜ் எஞ்சினுக்கு அதே ஐசிஎஃப் பெட்டியைப் போடலாமா?

முடியாது. பெரம்பூர் மீட்டர் கேஜுக்கும் பெட்டி செய்தது, ஆனால் அது அகலத்திலும் நீளத்திலும் சிறியது. இரண்டு பக்க பஃபர் கிடையாது, நடுவில் ஒற்றை பஃபர் கப்ளர். 1:87ல் இதற்கு 12 மிமீ தண்டவாளம் வேண்டும்.

ஜோடிகள் எளிது. நீராவிக்கு ஒய்பி, டீசலுக்கு 1960களில் வந்த ஒய்டிஎம்-4, இரண்டுக்கும் மெரூன் பெட்டி. சென்னைக் கடற்கரையிலிருந்து விழுப்புரம் வரை ஜப்பானில் செய்த ஒய்ஏஎம்-1 மின் எஞ்சின் இழுத்தது. விழுப்புரத்தில் எஞ்சின் மாறும். மொத்தமே 20 எஞ்சின்தான். மாடலில் விழுப்புரம் ஸ்டேஷனைக் கட்டினால் மின்சாரம், டீசல், நீராவி மூன்றையும் ஒரே ரேக்குக்கு மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கலாம். இடம் குறைவாக உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை. நீலகிரி மலை ரயிலையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது எக்ஸ் வகை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். முன்னால் மாட்டாதீர்கள்.

வாங்கிய பெட்டி எல்எச்பி உடம்பு, ஆனால் அடியில் ஐசிஎஃப் போகி. ஏமாற்றிவிட்டார்களா?

அவசியமில்லை. ஹைப்ரிட் என்று நிஜமாகவே அப்படிப் பெட்டிகள் வந்தன. எல்எச்பி மாதிரி உடம்பு, ஐசிஎஃப் போகி. சில துரந்தோ ரேக்குகளில் ஓடின. முனையில் பக்க பஃபரும் திருகு இணைப்பும் இருந்தால் ஹைப்ரிட். 

1995ல் கட்டிய பெட்டி 2015லும் ஓடியிருக்கும். அதே மாடலை இரண்டு காலத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா?

எண் அளவில் சரி, உருவ அளவில் பாருங்கள். 2011 முதல் பெட்டிகளுக்கு அடியில், கழிவறைக்குக் கீழே, பயோ-டாய்லெட் தொட்டிகள் பரவலாக வந்தன. 2015 பெட்டியில் முனைகளில் அந்தத் தொட்டி வடிவம் தெரிய வேண்டும், 1995ல் தெரியக் கூடாது. ஏசி பெட்டி என்றால் பழையவற்றில் குளிர்சாதனம் அடியில் தொங்கும், 1990களிலிருந்து கூரையில் ஏறியது. ஓவர்ஹால் முடித்த தேதியையும் பெட்டியின் முனையில் எழுதியிருப்பார்கள். அதில் 2014 என்று எழுதிவிட்டு அடியில் தொட்டி வைக்காமல் விட்டால் கெட்டிக்காரர்கள் பிடித்துவிடுவார்கள். நேரில் பார்த்துச் சரிபார்க்க, பெரம்பூர் ஐசிஎஃப் பக்கத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தில் பழைய பெட்டிகளும் எஞ்சின்களும் நிற்கின்றன. தொட்டுப் பார்த்து அளந்துகொள்ளலாம்.

வந்தே பாரத் பெட்டிகளை டபிள்யூஏபி-7 இழுக்கிறதாக ஓட்டலாமா?

2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத்துக்குத் தனி எஞ்சின் கிடையாது, மோட்டார் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கிறது. பழுதாகி இழுத்துப்போகிற காட்சி என்றால் சரி. எஞ்சினும் புதுப் பெட்டியும் வேண்டும் என்றால் 2023 டிசம்பரில் வந்த அம்ரித் பாரத் பாருங்கள். இரண்டு முனையிலும் எஞ்சின், நடுவே எல்எச்பி வகைப் பெட்டிகள்.

பழைய நீராவி எஞ்சின் இன்றைக்கும் சில நாள் ஓடுகிறதே. அப்படியென்றால் உங்கள் கணக்கெல்லாம் அடிபட்டுப் போகாதா?

அடிபடாது, ஒரு கதவு திறக்கும். 1855ல் இங்கிலாந்தில் கட்டிய இஐஆர்-21 எஞ்சினைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் பழுதுபார்த்து 2010ல் மறுபடி ஓட வைத்தார்கள். அதே வருஷத்தில் கட்டிய ஃபேரி குவீன் 1997ல் டெல்லியிலிருந்து சுற்றுலா ரயில் இழுத்தது. பாரம்பரிய ஓட்டம் என்று வைத்தால் "முதலில் ஓய்வுபெற்றது எது" என்ற பாதி விதி அந்த எஞ்சினுக்கு மட்டும் தளர்கிறது. மற்ற பாதி அப்படியே நிற்கும்.

ஆனால் அது பாரம்பரிய ஓட்டமாகத் தெரிய வேண்டும். ஒன்று அல்லது இரண்டு பெட்டி, எஞ்சினுக்கு மாலை, பிளாட்ஃபாரத்தில் செல்போன் தூக்கிப் படம் எடுக்கும் ஆட்கள், தலைக்கு மேல் மின்கம்பி, பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு டபிள்யூஏபி-7. அந்த நீராவி எஞ்சினுக்குப் பின்னால் எட்டு மெரூன் பெட்டியை மாட்டி அதே கம்பிக்குக் கீழே ஓட்டினால் மறுபடி முதல் கேள்விக்குப் போய்விடுவீர்கள்.